தூரிகைத் தடமும் கணினித் திரையும்: இலக்கமுறை உருவப்படம் குறித்து

கணினியில் வரையப்படும் உருவப்படங்களைப் பற்றி நம்மிடையே பொதுவாகச் சொல்லப்படும் குறை ஒன்றுண்டு. அவை வழுவழுப்பானவை, மெழுகுப் பொம்மையின் முகம் போன்றவை, வரைந்தவரின் கை அவற்றிலே தெரிவதில்லை என்பதே அது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இக்குறை கருவியின் இயல்பால் வருவதா, அன்றிக் கையாளும் முறையால் விளைவதா என்பது ஆராயப்படவேண்டியது. தளர்ந்த தூரிகை வீச்சும் சொரசொரப்பான மேற்பரப்பும் கொண்ட உருவப்படத்தைக் கணினியில் ஆக்கும் வகையினை நோக்குவதன் மூலம் இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

தளர்ந்த பாணி அவசரத்தின் விளைவு என்ற தப்பெண்ணம் பழமையானது. வெனிஸ் நகரத்துத் திஷியனின் முதுமைக்கால ஓவியங்களைக் குறித்து, 1568 இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில் வசாரி எழுதியவை இங்கு நினைவுகூரத்தக்கன. அருகே நின்று நோக்கின் அவ்வோவியங்கள் பிடிபடா. விலகி நின்றால் நிறைவுறும். அவை சிரமமின்றித் தீட்டப்பட்டவை என நம்பிப் பின்பற்றிய பலர் அலங்கோலமான படங்களையே ஆக்கினர் என்பதும் அவர் கூற்று. 1628 அளவில், இளைஞரான ரெம்பிரான்ட் தம் முகத்தையே வரைந்தபோது, காயாத வண்ணத்தைத் தூரிகைக் காம்பின் முனையாற் கீறித் தலைமயிரின் சுருள்களைக் காட்டினார். அப்படத்தில் கன்னத்தின் ஓரமும் காதுமடலும் ஒளி பெறுகின்றன. கண்கள் நிழலிலேயே விடப்பட்டுள்ளன. எதனை முடிக்காது விடுவது என்ற தெரிவே தளர்ந்த பாணியின் சாரம் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் படம் அரிது.

எண்ணெய் வண்ணத்திலே இத்தெரிவுக்குப் பொருளே துணைநின்றது. வண்ணம் தடிக்கும், காயும். கன்வஸின் நெசவு தூரிகையை இழுத்துப் பிடிக்கும். இட்ட தடத்தை அழிப்பது எளிதன்று. கணினியில் இத்தகைய தடை எதுவுமில்லை. 1973 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் ரிச்சட் ஷூப் உருவாக்கிய 'சூப்பர்பெயின்ட்' தொடக்கம் இன்றுவரை, கணினித் தூரிகை என்பது பெரும்பாலும் ஒரு முத்திரைதான். ஒரே வடிவம் கை செல்லும் பாதையில் நெருக்கமாகத் திரும்பத் திரும்பப் பதிக்கப்படுகின்றது. எழுதுகோலின் அழுத்தத்தை வரைபலகை எண்ணாக மாற்றுகின்றது. இன்றைய கருவிகள் சில 8192 படிகளைப் பிரித்தறிவன. அவ்வெண்ணுக்கேற்பத் தடத்தின் அகலமோ அடர்த்தியோ மாறுகின்றது. 1991 இல் வெளிவந்த 'பெயின்டர்' என்ற மென்பொருள் தாளின் கரடுமுரடையும் இக்கணக்கினுட் சேர்த்தது. ஆகவே திரையில் நாம் காணும் சொரசொரப்பு முழுவதும் கணிப்பின் பயனேயாகும். வேண்டினால் வரும், வேண்டாவிடின் வராது.

இதனால் ஒரு போலி எளிதாகிவிடுகின்றது. முகத்தை வழுவழுப்பாக வரைந்து முடித்தபின், கன்வஸின் ஒளிப்படமொன்றை அதன்மேற் போர்த்தி 'ஓவியத் தன்மை' தருவது பலரது வழக்கம். கன்னத்துக்கும் சுவருக்கும் சட்டைக் கழுத்துக்கும் ஒரேவகைச் சொரசொரப்பு வந்துசேரும். இது பூச்சு, தடமன்று. பழைய ஓவியர் ஒளிபட்ட இடங்களில் வண்ணத்தைத் தடிப்பாகவும் நிழலில் மெல்லியதாகவும் இட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. திரையிலும் அவ்வாறே, கரடான தூரிகையை நெற்றியின் ஒளிமேட்டுக்கும் மூக்கின் முகட்டுக்கும் ஒதுக்கி, நிழலை அமைதியாக விடுதல் வேண்டும்.

செய்முறையில் முதன்மையானது, படத்தை உள்ளங்கையளவாகச் சுருக்கி வைத்துத் தொடங்குவதாகும். அவ்வளவில் கண்ணிமை தெரியாது. தலையின் திணிவும் ஒளி வரும் திசையுமே தெரியும். பெரிய தூரிகையால், ஒளிபுகாத வண்ணத்தில், இருள், இடைநிலை, ஒளி என்ற மூன்று சாயல்களில் முகத்தை நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. பின்னர் இரு சாயல்களைத் தேய்த்துக் குழைக்காமல், அவற்றிடையே மூன்றாவதொரு தடத்தை இடவேண்டும். மெழுகுப் பொம்மை பிறப்பது இந்தக் குழைத்தலிலேதான். தடம் தசையும் எலும்பும் திரும்பும் திசையிற் செல்லட்டும். ஓரங்களைப் பொறுத்தவரை, தலைமயிர் பின்னணியோடு கலக்குமிடத்தில் ஓரத்தை இழந்துவிடுவதும், மேலிமையின் கீழ்விளிம்பிலோ உதடுகள் சேரும் கோட்டிலோ கூர்மையாக மீட்பதும் முகத்துக்கு உயிர் தருவன.

செய்ததை நீக்கும் கட்டளையைப் பற்றியும் ஒரு சொல். 1998 இல் போட்டோஷொப்பின் ஐந்தாம் பதிப்பு பல படிகள் பின்செல்லும் வசதியை அளித்தது. பிழை திருத்த உதவும் இவ்வசதி, துணிந்து ஒரு தடத்தை இடும் பழக்கத்தை மெல்ல அரித்தும்விடும். தவறிய தடத்தின்மேல் இன்னொன்றை இடுவோமாயின் அடியிலுள்ளது ஓரளவு எட்டிப்பார்க்கும். அதுவே மேற்பரப்பின் வளம்.

வண்ணத்திலும் கருவியின் முன்முடிவுகள் உள்ளன. பெரும்பாலான மென்பொருள்களில் நீலமும் மஞ்சளும் கலந்தாற் பச்சை வாராது, சாம்பலே வரும். எனவே இடைநிறங்களை நாமே தெரிந்து இடவேண்டியுள்ளது. நெற்றி மஞ்சள், கன்னம் சிவப்பு, தாடை நீலம் என்ற ஐரோப்பிய மரபும் வெளிறிய தோலைக் கண்டு பிறந்தது. கொடாக் நிறுவனத்தின் நிறச்சீராக்க அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணொருத்தியின் முகமே அளவுகோலாயிருந்ததை ஒளிப்படவியலின் வரலாறு பதிவுசெய்துள்ளது. கருந்தோலிலோ ஒளிப்புள்ளி கூர்மையானது. வானத்தின் நீலத்தையும் அருகிலுள்ள துணியின் நிறத்தையும் அது வெளிப்படையாகவே ஏந்திக்கொள்ளும். 'தோல் நிறம்' என்ற பெயரில் ஆயத்தமாய்க் கிடைக்கும் நிறத்தட்டைக்கொண்டு நம்மவரின் முகத்தை வரைவோர், எதிரே இருப்பவரைப் பார்க்காமலேயே வரைகின்றனர்.

2022 முதல் பரவலாகிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், தடித்த வண்ணத் தடங்களையும் சில நொடிகளில் உருவாக்கித் தருகின்றன. ஆகவே சொரசொரப்பான மேற்பரப்பு மட்டும் இனி ஒரு கையின் சான்றாகாது. ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகத்தில் எது கூர்மைபெற்றது, எது கைவிடப்பட்டது என்பதையே விமரிசகர் தேடிப் பார்க்கவேண்டியிருக்கும்.

கருவியின் விலை பற்றிய வினாவும் எழுகின்றது. அடோபி நிறுவனம் 2013 இல் சந்தா முறைக்கு மாறியது. 'கிறிட்டா'வோ கட்டணமின்றிக் கிடைப்பது. அதன் மூலநிரலும் திறந்துள்ளது. அதிலுள்ள எந்தத் தூரிகையையும் திறந்து, முத்திரையின் வடிவத்தையும் இடைவெளியையும் அழுத்தத்தின் கணக்கையும் மாற்றிப் புதியதொன்றாகச் சேமிக்கலாம். சுவரின் காரை பெயர்ந்த பகுதியொன்றை ஒளிப்படமெடுத்து அதனையே முத்திரையாக்கலாம். பத்துப் பதினைந்து தூரிகைகளைத் திரட்டுவதைவிட, இவ்வாறு ஆக்கிய ஒன்றிரண்டுடன் ஒரே முகத்தைப் பலமுறை வரைந்து பார்ப்பது மாணவருக்குப் பயன்தரும்.