உங்கள் கல்லூரி நிர்வாகத்தில் உங்களுக்கும் ஓர் இடம் உண்டு!

தேர்வு முடிந்து மாதங்கள் ஆகியும் ரிசல்ட் வரவில்லை. ப்ராஸ்பெக்டஸில் இல்லாத கட்டணத்தைக் கட்டச் சொல்கிறார்கள். வேலையில் சேர ஒரிஜினல் சான்றிதழ் வேண்டும், ஆனால் ஆபீஸில் "அப்புறம் வாங்க" என்கிறார்கள். இப்படி நடந்தால் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால், உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போமா?

மாணவர் குறைதீர் குழு

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்வு விதிமுறைகளை வெளியிட்டது. இதன்படி உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர். பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள் 4 பேர் உறுப்பினர்கள். இந்த ஐவரில் குறைந்தது ஒருவர் பெண்ணாகவும், குறைந்தது ஒருவர் எஸ்சி, எஸ்டி அல்லது ஓபிசி பிரிவைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும்.

இவர்களோடு ஒரு மாணவரும் உட்காருவார். படிப்பு, விளையாட்டு அல்லது பிற திறமைகளின் அடிப்படையில் இவரை நிர்வாகம் நியமிக்கும். பதவிக்காலம் 1 ஆண்டு. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடலாம்: இவர் முழு உறுப்பினர் அல்ல, சிறப்பு அழைப்பாளர்தான். கூட்டம் நடக்க 3 பேர் வேண்டும். அந்தக் கணக்கில் இவர் வரமாட்டார். ஆனாலும் மாணவர் பக்கத்தை அங்கே எடுத்துச் சொல்ல இருப்பவர் இவர்தான். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே கேளுங்கள்.

எதற்கெல்லாம் புகார் செய்யலாம்?

• சான்றிதழ்களைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது
• அறிவித்ததற்கு மேல் பணம் கேட்பது
• இடஒதுக்கீட்டைப் பின்பற்றாதது
• தேர்வு நடத்துவதிலும் ரிசல்ட் வெளியிடுவதிலும் தாமதம்
• உதவித்தொகையில் இழுத்தடிப்பு
• வெளிப்படைத்தன்மை இல்லாத மதிப்பீடு

புகார் செய்வது எப்படி?

1. கல்லூரியின் ஆன்லைன் போர்ட்டலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. விசாரணைக்கு அழைத்தால் நேரில் போகலாம். முடியாவிட்டால் உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பலாம்.

3. புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குழு தன் பரிந்துரையை நிர்வாகத்துக்கு அனுப்ப முயல வேண்டும். அதன் நகல் உங்களுக்கும் வர வேண்டும்.

4. முடிவில் திருப்தி இல்லையா? அது கையில் கிடைத்த 15 நாட்களுக்குள் 'ஆம்பட்ஸ்பர்சன்' எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி இந்தப் பொறுப்பில் இருப்பார். பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர் அதன் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கும் பொதுவானவர். 30 நாட்களுக்குள் தீர்க்க அவர் முயல வேண்டும்.

குழு, குறைதீர்ப்பாளர் பற்றிய விவரங்களைக் கல்லூரியின் இணையதளத்திலும் ப்ராஸ்பெக்டஸிலும் கட்டாயம் தர வேண்டும். உங்கள் கல்லூரி இணையதளத்தில் அது இல்லையென்றால், அதையே முதல் கேள்வியாக எழுத்தில் கேளுங்கள்.

கவனம்: மறுமதிப்பீடு, மறுகூட்டலுக்காகக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. முடிவையே மாற்றக்கூடிய குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ நடந்திருந்தால் மட்டும் போகலாம். பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் செய்தவர் மீதே நடவடிக்கைக்கு அவர் பரிந்துரைக்கலாம்.

வேறு எங்கே இடம் இருக்கிறது?

• ஐக்யூஏசி என்கிற உள் தர உறுதிப் பிரிவில் ஒரு மாணவர் இருக்க வேண்டும். கற்பித்தல், வசதிகளின் தரம் பற்றிப் பேச இது நல்ல இடம்.

• பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு. மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி நிலைகளில் இருந்து 3 மாணவர்கள் இதில் இருக்க வேண்டும். இவர்கள் நியமனத்தில் அல்ல, தேர்தலில் வர வேண்டும் என்கின்றன யுஜிசியின் 2015 விதிமுறைகள்.

• ராகிங் தடுப்புக் குழுவில் புதிய மாணவர்கள், சீனியர்கள் இரு தரப்புக்கும் பிரதிநிதிகள் உண்டு. அவசரம் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.

மாணவர் பேரவைத் தேர்தலுக்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. குறைந்தது 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். காசு இருப்பவர் மட்டும்தான் நிற்க முடியும் என்ற நிலை வரக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

எழுத்தில் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள்

வாய்மொழியாகச் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது. தேதி, நடந்தது என்ன, உங்களுக்கு என்ன தீர்வு வேண்டும் என்று மூன்றையும் சுருக்கமாக எழுதுங்கள். ரசீது, சுற்றறிக்கை, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். ஒரே பிரச்சினை வகுப்பில் பலருக்கும் இருந்தால் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். தனி ஆளாக நிற்கும் பயம் பாதி குறைந்துவிடும்.

மேல்முறையீட்டுக்கு இருப்பது 15 நாட்கள்தான். முடிவு கைக்கு வந்த அன்றே போனில் ரிமைண்டர் போட்டுவிடுங்கள்!