கிழக்குக் கடலில் சுழலும் நீர்: மீனும் உண்டு, ஆபத்தும் உண்டு

கடலைக் கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அலைகள் மட்டுமே தெரியும். ஆனால் ஆழ்கடலில் பல பத்து முதல் சில நூறு கிலோமீற்றர் அகலமான நீர்ச்சுழிகள் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று எமது நாட்டின் கிழக்கே ஆண்டுதோறும் உருவாகிறது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே மாதமளவில் தோன்றி, ஜூலையில் வலுப்பெற்று, செப்டம்பருக்குப் பின் மறையும் இச்சுழியை விஞ்ஞானிகள் 'இலங்கைக் குவிமாடம்' என அழைக்கின்றனர். விநயச்சந்திரன், யமகதா ஆகிய ஆய்வாளர்கள் 1998இல் இதனை விளக்கினர். இங்கு நீர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரை வெளிநோக்கித் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் குவிமாடம் போல மேலெழுகிறது.

இதன் பயன் பெரிது. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகளின் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேலே ஒரு மூடியைப் போலப் பரவியிருப்பதால், ஆழத்திலுள்ள நைத்திரேற்று, பொசுபேற்று ஆகியன எளிதில் மேலே வருவதில்லை. சுழி அவற்றைச் சூரிய ஒளி படும் இடத்துக்கு அருகே உயர்த்துகிறது. நுண்தாவரங்கள் பெருகுகின்றன, அவற்றை உண்ணும் நுண்ணுயிர்கள், சிறுமீன்கள், பின் சூரை போன்ற பெருமீன்கள் எனச் சங்கிலி நீள்கிறது. இறந்த நுண்தாவரங்களில் ஒரு பகுதி, தாம் உறிஞ்சிய காபனுடன் ஆழத்தில் படிகிறது.

மறுபக்கமும் உண்டு. மேலெழும் நீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு அதிகம். எனவே மீன்கள் மேற்பரப்பை அண்டிய ஒடுங்கிய படையில் ஒதுங்கக்கூடும். அந்நீரின் அமிலத்தன்மை ஓடுடைய உயிரினங்களைப் பாதிக்கலாம். கடிகாரத் திசையில் சுழலும் சுழிகளோ மேல்நீரைக் கீழே அமுக்குவதால், அவற்றின் நடுவில் போசணை பொதுவாகக் குறைவு.

சுழியின் நடுப்பகுதியில் கடல்மட்டம் சில சென்ரிமீற்றர் முதல் பல சென்ரிமீற்றர் வரை மாறுபடும். செய்மதிகள் அதனையும் நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் அளக்கின்றன. அயல்நாடான இந்தியாவில் ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் இத்தகைய தரவுகளைக் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை மீனவருக்கு அறிவிக்கிறது.

மூதூர், கிண்ணியா முதல் கல்முனை, ஒலுவில் வரை கடலை நம்பி வாழும் எமது மக்களுக்கு இது புத்தக அறிவு மட்டுமல்ல. வீணாக எரியும் ஒவ்வொரு லீற்றர் எரிபொருளும் ஒரு குடும்பத்தின் வருமானத்திலிருந்தே கழிகிறது. ஆகவே, இத்தகவல்கள் எளிய தமிழில், உரிய நேரத்தில், எமது மீனவர் சங்கங்களைச் சென்றடைவதை அதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டும். காற்றையும் நீரோட்டத்தையும் அனுபவத்தால் அறிந்த மீனவருக்கு, செய்மதித் தரவு இன்னொரு கண்ணாக அமையும்.