ஒற்றைத் தறிக் கணக்கு

சித்ரா ஸ்டாப் பேக்கரியில் டீ சொல்லிவிட்டு நின்றிருந்தோம். பீளமேடு விமான நிலையத்துக்கு ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. சோமனூரில் தறி ஓட்டும் தங்கை மகன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஏனுங் மாமா, நம்ம கோயமுத்தூர்க்காரங்களே ஒரு விமானக் கம்பெனி நடத்துனாங்களாமா? அது ஏனுங்க நின்னு போச்சு?"

அவன் கேட்டது ஏர் கார்னிவலை. கப்பல் படிப்புக் கல்லூரி நடத்திவந்த கோவை சி.எம்.சி. குழுமம் தொடங்கியது. 2016 ஜூலையில் ஏ.டி.ஆர். 72 விமானத்தோடு பறக்கத் தொடங்கி, 2017 ஏப்ரலில் நின்றது. முழுசாகப் பத்து மாதம்கூட இல்லை.

"டிக்கெட்டை ரொம்பக் கொறச்சுக் கொடுத்துட்டாங்களோ?"

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பம்பு, பஞ்சாலை, பவுண்டரி, ஆஸ்பத்திரி, கல்லூரி என்று இருக்கும் ஊர் இது. காலையில் சென்னை போய் இரவே வீடு திரும்ப நினைப்பவர்களுக்கு இங்கே என்றைக்கும் குறைவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை அவனுடைய தறியை வைத்தே சொன்னேன்.

"ஷெட்டுல ஒரே ஒரு தறி. அதுவும் வாடகைத் தறி. வாடகை டாலர்ல. ஓடினாலும் ஓடாட்டியும் மாசம் பொறந்தா கட்டணும். உனக்கு வர்ற கூலி மட்டும் ரூபாயில. எத்தனை நாள் தாங்குவே?"

சின்ன விமானக் கம்பெனியின் நிலை இதுதான். விமானத்தைச் சொந்தமாக வாங்குவது அரிது. குத்தகைக்கு எடுப்பதே வழக்கம். மாத வாடகை டாலரில். பறக்கும் மணிக்கணக்குக்கு ஏற்ப, பழுதுபார்ப்புக்கென்று தனியாகவும் கட்டிவர வேண்டும். பைலட், இன்ஜினியர் சம்பளம் நிற்காது. எரிபொருள் மட்டுமே மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது உண்டு.

ஏ.டி.ஆர். 72 ஏறக்குறைய எழுபது இருக்கைகள் கொண்ட விசிறி விமானம். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஐம்பது இருக்கை நிறைந்தால்தான் அந்தப் பயணத்தின் செலவு கட்டும் என்றால், ஐம்பத்தோராவது ஆளிடமிருந்துதான் லாபம். விமானம் கிளம்பிய பிறகு காலி இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. நெய்த துணியையாவது குடோனில் போட்டு வைக்கலாம்.

டீ வந்தது. அவன் அடுத்த கேள்விக்குத் தயாராக இருந்தான்: "நாள் பூரா ஓட்டுனாச் சரியாப் போயிருமில்லீங்க?"

நாள் முழுக்க ஓட்டத்தான் வேண்டும். ஆபத்தும் அங்கேதான். கோவையிலிருந்து காலையில் கிளம்பும் அதே விமானம்தான் சென்னை போய், மதுரை போய், மாலையில் மறுபடி இங்கே வர வேண்டும். காலையில் ஒரு சின்ன உதிரி பாகம் பழுதானால் மூன்று ஊர்ப் பயணிகள் தெருவில் நிற்பார்கள். பெரிய கம்பெனி மாற்று விமானத்தை அனுப்பும். இவர்களிடம் மாற்று இல்லை. சென்னையில் பத்து மணிக் கூட்டத்தைத் தவறவிட்ட வியாபாரி, டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்தாலும் அடுத்த முறை அந்தக் கம்பெனிப் பக்கம் வர மாட்டார். சேரன் எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கினால் விடியும்போது ஊர் வந்துவிடுகிறதே! அப்படிக் கைவிட்டுப் போன ஒவ்வொரு ஆளும் அந்த ஐம்பதில் ஒருவர்.

முன்பதிவுப் பணத்தில் இன்னொரு கண்ணி உண்டு. அடுத்த மாதப் பயணத்துக்கு இன்றே காசு வந்துவிடும். பெட்டி நிறைந்தது போலத் தெரியும். உண்மையில் அது கடன். இனிமேல் ஓட்டிக் காட்ட வேண்டிய பயணம். அதை எடுத்து இந்த மாத வாடகை கட்டினால், ஏலச்சீட்டில் முதல் சீட்டை எடுத்துச் செலவழித்துவிட்டு மீதித் தவணைக்கு முழிப்பவனின் கதைதான். விமானம் பறக்கும்வரை வெளியே தெரியாது. ஒரு வாரம் நின்றால் எல்லாம் தெரிந்துவிடும்.

இந்த வழியில் நம்மவர் வேறு சிலரும் போயிருக்கிறார்கள். மதுரைப் பஞ்சாலைக் குடும்பத்து எம். தியாகராஜன் 2005-ல் பாரமவுண்ட் ஏர்வேஸ் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்த எம்ப்ரேயர் விமானங்கள் 40 டன்னுக்குக் குறைந்த எடை, 80-க்குக் குறைந்த இருக்கை. அதனால் அப்போது எரிபொருளுக்கு 4 சதவீத விற்பனை வரிதான். தரையிறங்கும் கட்டணமும் கிடையாது. சட்டத்தை நன்றாகப் படித்தவரின் திட்டம் அது. ஆனாலும் குத்தகைக்கு விட்டவர்களோடு ஏற்பட்ட தகராறு நீதிமன்றம் ஏறி, 2010-ல் அதுவும் நின்றது.

"சூரரைப் போற்று பார்த்தேனுங் மாமா. அதுல ஜெயிச்சுட்டாங்களே?"

படம் ஜெயித்த இடத்தோடு முடிகிறது. அந்தக் கதைக்கு வித்திட்ட கேப்டன் ஜி.ஆர். கோபிநாத், 2003-ல் ஏர் டெக்கானைத் தொடங்கி, ஒரு ரூபாய் டிக்கெட் வரை கொடுத்து, ரயிலில் போனவர்களை விமானம் ஏற்றினார். கூட்டம் பெருகிய அளவுக்குக் கையில் காசு தங்கவில்லை. 2007-ல் விஜய் மல்லையாவின் குழுமம் பங்குகளை வாங்கியது. அடுத்த ஆண்டு பெயர் கிங்ஃபிஷர் ரெட் ஆனது. 2012 அக்டோபரில் மல்லையாவின் கிங்ஃபிஷர் கம்பெனியே தரையிறங்கிவிட்டது. ஆனால் கோபிநாத் காட்டிய மலிவு விலை மட்டும் சாகவில்லை. 2006-ல் வந்த இண்டிகோ, பறக்கும் முன்பே ஒரே குடும்பத்து விமானங்கள் நூறுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஒரே வகை என்பதால் ஒரே உதிரி பாகம், ஒரே பயிற்சி; ஒன்று பழுதானால் இன்னொன்று. அதே மலிவு விலை அங்கே தாங்கியது.

சேலத்துக்காரர்களுக்கும் இந்த வலி தெரியும். சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் கம்பெனியின் சென்னை விமானம் வந்தது. திட்டத்தில் அரசு மானியம் மூன்று ஆண்டுதான். நடுவில் கொரோனாவும் வந்தது. 2021-ல் சேவை நின்றது. 2023 அக்டோபரில்தான் வேறு கம்பெனிகள் மூலம் திரும்பியது. இடையில் சேலத்துக்காரர் பழையபடி பஸ் ஏறினார்.

கொங்கு நாட்டில் இன்னொருவர் விமானக் கம்பெனி தொடங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நம் சிறு ஊர்களை நம்மவர் அளவுக்குத் தெரிந்தவர் யார்? அவரிடம் டிக்கெட் விலையைக் கேட்க மாட்டேன். ஒரு விமானம் மூன்று மாதம் தரையில் நின்றாலும் சம்பளமும் வாடகையும் கட்டுவீர்களா, பயணியின் முன்பணத்தைத் தொடாமல் வைத்திருப்பீர்களா என்றுதான் கேட்பேன்.

மருமகன் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க ஷெட்டுல எட்டுத் தறிங்க மாமா. ஒண்ணு நின்னா ஏழு ஓடும். அதனாலதானுங்க பொழைக்கறோம்" என்றான்.

நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவன் அப்பா அவனுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.