தலைநகரின் விருந்துக்கூடங்களும் நம் வீட்டு அடுக்களையும்

தில்லி மாநகரில் முப்பது நாற்பது ஆண்டுகள் குடியிருந்தும், அந்நகரின் பெயர்பெற்ற விருந்துக்கூடங்களின் வாயிலை ஒருநாளும் மிதியாத தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்றாகவே நெடுங்காலம் இருந்தது. கரோல்பாகில் நல்ல காப்பிப்பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் உடனே சொல்லுவோம். வெளிநாட்டு அதிபர்கள் தேடிச் சென்று உண்ணும் விடுதியைப் பற்றிக் கேட்டால் பேசாது நிற்போம். செலவு மிகுதி என்பது ஒரு காரணம்; நம்மிற் பலர் மரக்கறி உணவினர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும்விட, 'அது நமக்குரிய இடமன்று' என்னும் கூச்சமே பெரிய தடையாக இருந்ததென்று இப்போது தோன்றுகிறது.

சென்ற குளிர்காலத்தில் என் தங்கை மகன் அக்கூச்சத்தைப் போக்கினான். அவன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். உத்தியோகம் கிடைத்து முதற்சம்பளம் வாங்கியதும், "மாமா, பாட்டியையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாக ஒரு நல்ல இடத்துக்குப் போவோம்" என்றான். எண்பத்திரண்டு வயதான என் தாயார் முதலில் மறுத்தார், பேரன் விடவில்லை. அன்று நடந்ததைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் இவ்விடுதிகள் எங்ஙனம் தோன்றின, எதனால் புகழ் எய்தின என்பதைச் சற்றே பார்ப்போம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு.

அகதிகள் கொணர்ந்த அடுப்பு

புதுதில்லி உருவான காலத்தில், உயர்ந்த உணவு என்றால் ஐரோப்பிய உணவு என்பதே பொதுவான எண்ணம். கன்னாட் பிளேஸ் பகுதியின் வெங்கர்ஸ், 1942-இல் தொடங்கிய யுனைடெட் காபி ஹவுஸ் முதலியவை அந்நாளைய நாகரிகத்தின் அடையாளங்கள். சூப்பும் கட்லெட்டும் கேக்கும் கண்ணியமான உணவு. ரொட்டியும் பருப்பும் வீட்டோடு நிற்க வேண்டியவை என்று கருதப்பட்ட காலம் அது.

1947-ஆம் ஆண்டின் தேசப்பிரிவினை இந்நிலையை மாற்றியது. பெஷாவரிலிருந்து உடைமைகளை இழந்து வந்தவர்களுள் குந்தன்லால் குஜ்ரால், குந்தன்லால் ஜக்கி என்போரும் இருந்தனர். பெஷாவரில் உணவு விடுதித் தொழிலில் பழகியிருந்த அவர்கள், தில்லியின் தரியாகஞ்ச் பகுதியில் மோத்தி மஹால் என்னும் விடுதியை நடத்தலாயினர். மண்ணாற் செய்த ஆழமான தந்தூர் அடுப்பில், கம்பியிற் கோத்துச் சுட்ட கோழிதான் அவர்களுடைய மூலதனம். ஜவாஹர்லால் நேருவே அதன் சுவையை விரும்பினார். அரசாங்க விருந்தினருக்கும் அது பரிமாறப்பட்டது.

சுட்ட கோழி உலர்ந்து போகாதிருக்கத் தக்காளி, வெண்ணெய், பாலேடு சேர்த்த குழம்பில் இட்டதே பட்டர் சிக்கன் ஆயிற்று என்று கூறுவர். அதனை முதலிற் செய்தவர் யார் என்பது பற்றி, அவ்விருவரின் வழிவந்தோர் தொடர்புடைய இரு நிறுவனங்கள் 2024-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன. அகதியாய் வந்தவர் பிழைப்புக்காகக் கிளறிய ஒரு குழம்பு, எழுபது ஆண்டுகளுக்குப்பின் உரிமை கோரி வழக்காடும் அளவுக்குச் செல்வமாகிவிட்டது!

கையால் உண்ணும் பெருமை

தந்தூர் அடுப்பை நட்சத்திர ஹோட்டலின் நடுவே கொண்டு வைத்தது புக்காரா. ஐ.டி.சி. மௌரியா ஹோட்டலில் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய இவ்விடுதி, தன் உணவுப் பட்டியலைப் பெரும்பாலும் மாற்றாமலே நடந்து வருகிறது. உயரம் குறைந்த ஆசனங்கள். உடையிற் சிந்தாதிருக்கக் கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணி. இங்கு முள்ளும் கத்தியும் வைப்பது வழக்கமன்று. கையாலேயே உண்ண வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் 2000-ஆம் ஆண்டில் தில்லி வந்தபோது இங்கு உண்டார். அவர் பெயராலேயே ஒரு தட்டுக்கூட்டம் அங்கே வழங்குகிறது.

இதை நான் விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. அலுவலக விருந்துகளில், கையால் உண்டால் பிறர் என்ன நினைப்பரோ என்று முள்ளையும் கரண்டியையும் பற்றிக்கொண்டு நாம் பட்ட பாடு கொஞ்சமா? அதே நகரில் ஒரு விடுதி, 'எங்கள் உணவை எங்கள் முறையிலேயே உண்ணுங்கள்' என்று துணிந்து நின்றது. உலகத் தலைவர்களும் அதற்கு இசைந்தனர்.

மரக்கறி உணவினர்க்கும் அங்கே இடமுண்டு. 'தால் புக்காரா' என்னும் பருப்பு அதன் தனிப்புகழ். அது வேறொன்றுமன்று, நம் வீட்டுக் கறுப்பு உளுந்துதான்! தோல் நீக்காத முழு உளுந்தை இரவெல்லாம் மெல்லிய கரியனலில் வேகவிட்டு, தக்காளியும் இஞ்சி பூண்டும் சேர்த்து, வெண்ணெயும் பாலேடும் கூட்டி இறக்குகிறார்கள். விரைவில் வேகவைத்தால் அந்தக் குழைவு வாராது. உளுந்தை ஆட்டிப் புளிக்கவைத்துக் காத்திருக்கும் நமக்கு இப்பொறுமை புதிதன்று.

மூடிய பானை

அதே ஹோட்டலில் 1988-இல் தோன்றியது தம் புக்த். இதன் ஆசிரியர் லக்னோவின் இம்தியாஸ் குரேஷி. பாத்திரத்தின் வாயைப் பிசைந்த மாவினால் அடைத்து, ஆவி வெளியேறாதபடி சிறு தீயில் நெடுநேரம் வைத்துச் சமைக்கும் முறை இது. 1784-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நவாப் ஆசஃப் உத்தௌலா, மக்களுக்கு வேலை கொடுக்க லக்னோவில் பெரிய இமாம்பாடாவைக் கட்டுவித்தார். அவ்வேலையாட்களுக்கென மூடி வைத்த அண்டாக்களின் மணம் நவாபையே ஈர்த்ததென்பது செவிவழிச் செய்தி. 2016-இல் குரேஷிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அடுப்படியில் நிற்பவனை வேலைக்காரனாகவே எண்ணிய சமூகத்தில், அரசே அவரை அழைத்துக் கௌரவித்தது சிறிய செய்தியன்று. 2024-இல் அவர் காலமானார்.

தெருவிலிருந்து அரங்குக்கு

மூன்றாவதாகச் சொல்லத் தக்கது இந்தியன் ஆக்சென்ட். 2009-இல் ஃப்ரெண்ட்ஸ் காலனியிலுள்ள ஒரு சிறு ஹோட்டலில் தொடங்கி, பின்னர் லோதி ஹோட்டலுக்கு இடம் மாறியது. பாட்னாவில் பிறந்த மனீஷ் மெஹ்ரோத்ரா 2024 வரை இதன் தலைமைச் சமையற்கலைஞராக இருந்தார். பழைய தில்லித் தெருக்களில் குளிர்காலத்தில் மட்டும் விற்கும் 'தௌலத் கீ சாட்' என்னும் பால்நுரையை அவர் மேசைக்குக் கொணர்ந்தார். தௌலத் என்றால் செல்வம். ஆகையால் விளையாட்டுக்காகப் போலி ரூபாய் நோட்டுகளைச் சுற்றிலும் வைத்துப் பரிமாறுவர்.

ஆசியாவின் சிறந்த ஐம்பது விடுதிகள் என்னும் பட்டியல் 2013 முதல் ஆண்டுதோறும் வெளிவருகிறது. சமையற்கலைஞர், எழுத்தாளர், பயணிகள் எனப் பலர் அளிக்கும் வாக்குகளால் அமைவது அது. தொடக்க ஆண்டுகளிலேயே புக்காராவும் தம் புக்தும் அதில் இடம்பெற்றன. 2015 முதற் பல ஆண்டுகள் இந்தியாவின் முதல் விடுதியாக இந்தியன் ஆக்சென்ட் விளங்கியது. 2022-இல் அச்சிறப்பு மும்பையின் மாஸ்க் விடுதிக்குச் சென்றது. இத்தகைய பட்டியல்கள் வேதவாக்கல்ல. வாக்களிப்போர் செல்லாத ஊரின் சுவை அவற்றில் ஏறாது. ஆயினும் இம்மூன்று விடுதிகளும் பிறரைப் போலச் சமைத்துப் புகழ் பெறவில்லை என்பதை மறத்தலாகாது. அகதியின் அடுப்பு, கூலியாளின் அண்டாவென்று கதை வழங்கும் பானை, தெருவோரப் பால்நுரை ஆகிய இவையே அரங்கேறின.

நம் சமையலின் நிலை

அவ்வாறாயின் நம் சமையல்? வடநாட்டில் நெடுங்காலம் அது இட்லி, தோசை, சாம்பார் என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிக் கிடந்தது. 1989-இல் சென்னையில் தோன்றிய தக்ஷிண், தென்னாட்டின் பழைய சமையல் முறைகளைத் தேடித் திரட்டி நட்சத்திர ஹோட்டலில் வைத்தது. பின்னர்த் தில்லிக்கும் வந்தது. 2017-இல் சென்னையின் ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் தோன்றிய ஆவர்த்தனா இன்னொரு படி சென்றது. அங்கே தக்காளி ரசம் தெளிந்த நீராக வடிக்கப்பட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் வருகிறது. 2023-ஆம் ஆண்டின் ஆசியப் பட்டியலில் அவ்விடுதி 30-ஆம் இடம் பெற்றது. சளி பிடித்தால் பாட்டி கொடுக்கும் ரசத்துக்கு இப்படி ஒரு காலம் வந்திருக்கிறது.

இனி அன்றிரவு நிகழ்ந்ததைச் சொல்கிறேன். சிறு சிறு தட்டுகளாகப் பன்னிரண்டு பண்டங்கள் வந்தன. ஏழாவதோ எட்டாவதோ, எலுமிச்சையளவு சோற்றுருண்டை. புளியும் வறுத்த எள்ளும் நல்லெண்ணெயும் மணந்தன. பரிமாறிய இளைஞர் அதன் பெருமையை ஆங்கிலத்தில் விளக்கினார். என் தாயார் பேரனைப் பார்த்தார். அவன் தலை குனிந்துகொண்டான். நான்காம் வகுப்புப் படிக்கையில், புளியோதரையின் மணத்தைச் சகமாணவர்கள் கேலி செய்தார்களென்று டப்பாவைத் திறவாமலே வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். மறுநாள் முதல் ஜாம் தடவிய ரொட்டிதான் என்று பிடிவாதம் செய்தான், நாங்களும் இணங்கினோம். அன்று வேண்டாமென்றதற்கு இன்று எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவுக்கு நிகரான தொகையை அவனே கொடுக்கிறான்!

"பெருங்காயம் சற்றே தூக்கல், மற்றபடி குறையில்லை. யார் செய்தது?" என்றார் தாயார். சமையற்கட்டிலிருந்து ஓர் இளைஞர் கைகூப்பியபடி வந்தார். கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். தாயார் தமக்குத் தெரிந்த இந்தியில், "உன் அம்மா ஊரில் என்ன சமைப்பாள்?" என்று கேட்டார். "கஹத் பருப்பு, அம்மா" என்றார் அவர். எங்களுக்கு விளங்கவில்லை. அவர் உள்ளே சென்று, கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "அட, கொள்ளு!" என்றார் தாயார். மலைநாட்டில் குளிருக்கு அதைக் காய்ச்சிக் குடிப்பார்களாம். "அதை இங்கே செய்வதில்லையா?" என்று கேட்டதற்கு, "யார் கேட்கப் போகிறார்கள்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சிரித்தது வண்டியில் வரும்போதெல்லாம் என் மனத்தை உறுத்திற்று. நாங்களும் நான்காம் வகுப்புப் பையனிடம் அதையேதானே சொல்லாமற் சொன்னோம்?

எழுதி வைப்போம்

அன்பர்களே, இத்தகைய விடுதிகளுக்கு ஒருமுறையேனும் சென்று வாருங்கள் என்றே நான் கூறுவேன். முன்பதிவு செய்யும்போதே மரக்கறி உணவு வேண்டுமென்று சொல்லிவிட்டால் தயக்கமில்லை. மதிய வேளையில் விலை குறைவாக இருக்கும் இடங்களும் உண்டு. கடன்பட்டுச் செல்ல வேண்டியதில்லை. ஒரு நல்ல நாளைக்கென்று சேர்த்து வைத்துச் செல்லலாம். ஆனால் திரும்பி வந்ததும் நம் அடுக்களையையும் ஒருமுறை திறந்த கண்ணோடு பாருங்கள்.

1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். சமையல் முறை கேட்டு உற்றார் பலர் அவரை அணுகி வந்ததே அந்நூலுக்கு வித்தாயிற்று. வெளியூர்க்குக் குடித்தனம் போன எத்தனையோ பெண்களுக்கு அந்நூல் தாயாய் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கைப்பக்குவம் எந்த நூலிலும் முழுதும் அடங்காது. என் தாயாரின் புளிக்காய்ச்சலுக்கு அளவு கேட்டால், "ஒரு கை, கண் பார்த்துப் போடு" என்பார். அவர் காலத்துக்குப்பின் அந்தக் கைக்கும் கண்ணுக்கும் நாம் எங்கே போவது?

சென்ற ஞாயிறன்று என் தங்கை மகன் ஒரு நோட்டுப் புத்தகமும் சிறு தராசுமாக வந்து அடுக்களையில் உட்கார்ந்தான். பாட்டி ஒவ்வொரு பிடியாக எடுக்க, அவன் நிறுத்து எழுதிக்கொண்டான். புளி 60 கிராம். எள் இரண்டு மேசைக்கரண்டி. பெருங்காயத்துக்கு வந்தபோது மட்டும் பாட்டி, "அந்த ஹோட்டல்காரனைப் போல் போடாதே" என்றார், அதையும் எழுதிக்கொண்டான். உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், இவ்வாரமே ஒரு பண்டத்தை அளவோடு எழுதி வையுங்கள். இவ்விதழுக்கு அனுப்பினால் மற்றக் குடும்பங்களும் பயனடையும். அண்டை வீட்டார் கட்வாலியாகவோ வங்காளியாகவோ இருப்பின், அவர்கள் வீட்டுப் பண்டத்தையும் கேட்டு எழுதுங்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர்களும் காத்திருக்கக்கூடும்.