வேற்றுமை உருபிலிருந்து முன்னிடைச்சொல்லுக்கு: ஆரம்ப வகுப்பில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய சில சிந்தனைகள்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுவன் ஒருவன் ‘பெட்டியில்’ என்பதை ஆங்கிலத்திற் கூற முற்பட்டு ‘பொக்ஸ் இன்’ என்கிறான். ஆசிரியர் அதனைப் பிழையெனக் கோடிட்டு, அவனைக் கவனக் குறைவுடையவன் எனக் கருதிவிடுகிறார். ஆயின் அவன் தன் மொழியின் விதியை ஒழுங்காகவே பின்பற்றியுள்ளான். தமிழில் இடப்பொருளை உணர்த்தும் உருபு பெயரின் பின்னே வரும். ஆங்கிலத்தில் அவ்வுறவை உணர்த்தும் சொல் பெயரின் முன்னே வரும். இவ்வேறுபாட்டை ஆசிரியர் உணர்ந்துள்ளாரா என்பதைப் பொறுத்தே, பிள்ளை துணிந்து பேசுவதும் அஞ்சி வாய்மூடுவதும் பெரிதும் அமைகின்றன.

முதலில் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு உள், மேல், கீழ் என்னும் கருத்துகள் புதியவை அல்ல. ஜூடித் ஜோன்ஸ்ரன், டான் சுலோபின் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வொன்று ஆங்கிலம், இத்தாலியம், சேர்போ-குரோவேசியம், துருக்கியம் ஆகிய நான்கு மொழிகளைப் பேசும் குழந்தைகளை நோக்கியது. இரண்டு வயது முதல் ஏறத்தாழ ஐந்து வயது வரையிலான அக்குழந்தைகளிடம் பொதுவானதொரு வரிசை காணப்பட்டது. உள், மேல், கீழ் என்பன முந்தி வந்தன. இடையில், முன், பின் என்பன பிந்தி வந்தன. துருக்கியம் தமிழைப் போன்று இத்தகைய சொற்களைப் பெயருக்குப் பின்னே அமைக்கும் மொழியாகும். அம்மொழிக் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளிலும் பார்க்க விரைவாக இவற்றைக் கையாண்டமை நோக்கத்தக்கது. ஆகவே நம் பிள்ளையின் இடர்ப்பாடு கருத்தைச் சார்ந்ததன்று. அது சொல்லின் வரிசையையும் பொருட் பாகுபாட்டையும் சார்ந்தது.

பொருட் பாகுபாடு என்பதை விளக்குதல் அவசியம். ‘பெட்டியில்’, ‘மேசையில்’, ‘பாடசாலையில்’ ஆகிய மூன்றிலும் வருவது ‘இல்’ என்னும் ஒரே உருபு. ஆங்கிலமோ முதலாவதற்கு ‘இன்’, இரண்டாவதற்கு ‘ஒன்’, மூன்றாவதற்கு ‘அற்’ என வெவ்வேறு சொற்களை வேண்டிநிற்கும். மறுதலையாக, ‘கத்தியால் வெட்டினான்’, ‘தம்பியோடு வந்தான்’ எனத் தமிழ் வேறுபடுத்தும் இரு பொருள்களுக்கும் ஆங்கிலத்தில் ‘வித்’ என்னும் ஒரு சொல்லே போதும். ‘ஐந்து மணிக்கு’ என்பதில் நாம் நான்காம் வேற்றுமையைக் கையாள, ஆங்கிலம் மீண்டும் ‘அற்’ என்றே கூறும். எனவே, ஒரு முன்னிடைச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என அட்டவணை எழுதி மனனஞ் செய்விக்கும் முறை தவறான பயனையே தரும்.

இதனால் தமிழ் இத்துறையில் வறுமையுற்றது எனக் கொள்ளலாகாது. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையை விளக்கும்போது கீழ், மேல், உள், முன், பின், இடை முதலான பல சொற்களை நிரல்படத் தந்துள்ளார். மேலும், ‘மேசையின் மேல் புத்தகம்’ என்னும்போது புத்தகம் மேசையைத் தொட்டிருக்கிறது. ‘மேசைக்கு மேலே விளக்கு’ என்னும்போது விளக்கு மேசையைத் தொடுவதில்லை. ஆங்கிலம் ‘ஒன்’, ‘அபவ்’ என இரு சொற்களாற் காட்டும் வேறுபாட்டைப் பிள்ளை உருபு மாற்றத்தாலே நாள்தோறும் காட்டிவருகிறது. ஆசிரியர் இதனைச் சுட்டிக்காட்டுவாராயின், அந்நிய மொழி பாதியளவு அறிமுகமானதாகிவிடும்.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். முன்னிடைச்சொல்லைத் தனித்துக் கற்பியாது, பெயரோடு சேர்ந்த முழுத்தொடராகவே செவிக்கும் நாவுக்கும் பழக்குதல் வேண்டும். சுண்ணக்கட்டியைப் பெட்டிக்குள் வை, பெட்டியின் மேல் வை, பெட்டியின் கீழ் வை என ஆங்கிலத்தில் ஏவ, பிள்ளைகள் செய்துகாட்டலாம். ஒரே பெட்டியைக் கொண்டு மூன்றையும் ஏவுதற்குக் காரணம் உண்டு. இளங் குழந்தைகள் சொல்லின் பொருளை அறியாதபோதும் கொள்கலத்தைக் கண்டால் பொருளை உள்ளே இடுவர் என்பதை ஈவ் கிளார்க் 1973இல் எடுத்துக்காட்டினார். அயல்மொழிச் சொல்லைக் கேட்கும் மாணவரும் அவ்வாறு ஊகிக்கக்கூடும். செயல் சரியாயிருப்பதனால் மாத்திரம் சொல் விளங்கிற்று எனக் கொள்ளலாகாது. முன், பின் என்பவற்றைக் கற்பிக்கையில் முகமும் முதுகும் உடைய மாணவனிலிருந்தும் பஸ் வண்டியிலிருந்தும் தொடங்கி, இயல்பான முன்புறம் இல்லாத தென்னை மரத்துக்குப் பின்னரே செல்லல் தகும். ‘இன்’, ‘ஒன்’, ‘அற்’ மூன்றையும் ஒரே பாடத்தில் திணித்தலும், காலப்பொருளை இடப்பொருளோடு கலத்தலும் தவிர்க்கப்பட வேண்டியவை.

இஃது இலக்கணச் சிறு விடயம் போலத் தோன்றலாம். ஆனால் வீட்டில் ஆங்கிலம் கேட்கும் பிள்ளை இத்தொடர்களைக் கற்பிக்காமலே பெற்றுக்கொள்கிறது. உழைப்பாளர், விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையைத் தவிர வேறு வாயில் இல்லை. அங்கும் அதன் தாய்மொழி விதியே குற்றமாக எண்ணப்படுமாயின், சமூக ஏற்றத்தாழ்வு அறிவுத்திறனின் ஏற்றத்தாழ்வாகத் திரித்துக் காட்டப்படும். கன்னங்கரா தலைமையிலான கல்விச் சிறப்புக்குழு 1943இல் ஆரம்பக் கல்வி தாய்மொழியில் நிகழ வேண்டும் என விதந்துரைத்தது. தாய்மொழியிற் பயிலும் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போதும் அத்தாய்மொழியைத் தடையாகவன்றிப் படியாகக் கொள்ளுதலே அக்கொள்கைக்கு நாம் செய்யும் உண்மையான நியாயமாகும். ஆரம்ப வகுப்பு ஆங்கில ஆசிரியரின் பயிற்சியில் தமிழ் வேற்றுமை இலக்கணமும் இடம்பெறல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.