நம் வீட்டுப் பட்டறை - 14: லேசரிடம் அச்சைக் கேளுங்கள்

அலமாரிக் கதவுக்குக் கீல் பொருத்துவது பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். "லேசர் கட்டிங் கடை எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. அலமாரி, ஸ்டூல், புத்தகத் தட்டு எல்லாவற்றையும் அங்கேயே வெட்டி வாங்கிவந்து வீட்டில் ஒட்டிக்கொண்டால் என்ன?"

பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். லேசர் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு வேலையைத் தாமே செய்துகொள்கிறவர்களுக்கு இந்தத் தலைமுறையில் கிடைத்த பெரிய துணை அது. ஆனால் அதனிடம் நாம் முழுப் பொருளையும் கேட்கிறோம். கேட்க வேண்டியது அச்சை மட்டும்தான்.

ஏன் என்று புரிய, எந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்ப்பலகை, நினைவுப்பரிசு, கல்யாணப் பத்திரிகை செய்யும் கடைகளில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். இந்தக் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரம், காகிதம், துணி, அக்ரிலிக் எல்லாம் இதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்கு ஊடுருவித் தெரிகிற அக்ரிலிக்கும் இந்தக் கதிரை ஊடுருவ விடாது. அதனால்தான் அது அவ்வளவு சுத்தமாக வெட்டுப்படுகிறது. கதிரோடு சேர்த்து ஆக்சிஜனைப் பீய்ச்சினால் இரும்புத் தகடும் அறுபடும் என்று 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் செய்து காட்டினார். இன்று கடை எந்திரத்தின் முனையிலிருந்து காற்று சீறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். புகையை விலக்கவும், வெட்டுமிடம் தீப்பிடிக்காமல் இருக்கவும் அந்தக் காற்று வேண்டும்.

இத்தகைய எந்திரம் 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையையும் 5 மி.மீ. அக்ரிலிக்கையும் அலட்டாமல் வெட்டும். நம் வீட்டு அலமாரியோ 18 மி.மீ. பிளைவுட். அதிலும் சமையலறைக்கு நாம் கேட்டு வாங்குவது, தண்ணீருக்குத் தாங்கும் ஐ.எஸ். 710 ரகம். அடுக்குகளை ஒட்டியிருக்கும் பீனாலிக் பசை லேசருக்கு எளிதில் வழிவிடாது. வெட்டுப்படுவதற்குமுன் கரியாகிவிடும். உள் அடுக்கில் ஒரு முடிச்சோ, ஒட்டுத்துண்டோ இருந்தால் அந்த இடம் மட்டும் அறுபடாமல் நிற்கும். சக்தியைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து வெட்டினால் விளிம்பு முழுவதும் கருகும். அந்தக் கரி பசையைச் சரியாகப் பிடிக்க விடாது. மெல்லிய எம்.டி.எஃப்.பில் மசாலா டப்பாத் தட்டு, பேனா ஸ்டாண்டு, கடிகார முகப்பு, இழுப்பறைத் தடுப்பு போன்றவற்றைத் தாராளமாக வெட்டி வாங்கலாம். பாரம் தாங்க வேண்டியதையும் தண்ணீர் படக்கூடியதையும் அதில் செய்யாதீர்கள். எம்.டி.எஃப். ஒருமுறை ஊறினால் உப்பிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது.

லேசர் நமக்குத் தரும் உண்மையான செல்வம் துல்லியம். அந்தத் துல்லியத்தை ஒரு சின்ன அக்ரிலிக் தகட்டில் வாங்கிக்கொண்டால், 18 மி.மீ. பிளைவுட்டில் நம் டிரில் மெஷினாலேயே அதே துல்லியத்தோடு வேலை செய்ய முடியும். நாற்காலிக் காலுக்கும் சன்னல் வளைவுக்கும் ஆசாரிகள் காலங்காலமாகப் பலகையில் அச்சு வெட்டி வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

கீலையே எடுத்துக்கொள்வோம். மறைவாக இருக்கும் கப் கீலுக்குக் கதவில் 35 மி.மீ. விட்டமுள்ள வட்டக் குழி வேண்டும். குழியின் ஓரத்துக்கும் கதவின் விளிம்புக்கும் நடுவே 5 மி.மீ. விடுவது வழக்கம். அப்படியானால் குழியின் மையம் விளிம்பிலிருந்து 22.5 மி.மீ. இந்த அரை மில்லிமீட்டரை அளவுநாடாவும் பென்சிலும் கொண்டு ஒவ்வொரு கதவிலும் ஒரேபோலப் பிடிப்பது பழகிய கைக்கே சிரமம். ஒரு கதவில் 22, அடுத்ததில் 23.5 என்று போனால், பக்கத்துப் பக்கத்துக் கதவுகள் ஒன்றையொன்று இடிக்கும். பக்கப் பலகையில் கீலின் அடித்தகடு உட்காரும் இரண்டு துளைகள், முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 32 மி.மீ. இடைவெளியில் வரும். இது ஐரோப்பிய அலமாரித் தொழிலில் உருவாகி, இன்று நம் ஊர் ஹார்டுவேர் கடைவரை வந்துவிட்ட கணக்கு. 96, 128, 160 என்று கைப்பிடிகளின் திருகு இடைவெளிகள் வருவதும் இந்த 32இன் மடங்குகளாகத்தான்.

இத்தனை எண்களையும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரே தகட்டில் அடக்கிவிடலாம். 5 மி.மீ. அக்ரிலிக்கில் 150க்கு 100 என்ற அளவில் ஒரு செவ்வகம். கதவுக் குழியின் மையத்துக்கு ஒரு பொடித்துளை, கப்பின் திருகுகளுக்கு இரண்டு, அடித்தகட்டுக்கு இரண்டு, கைப்பிடிக்கு இரண்டு. கப் திருகுகளின் இடைவெளி மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: 45, 48, 52 என்று மூன்று விதமாகவும் சந்தையில் இருக்கிறது. கீலை முதலில் வாங்கி, கையில் வைத்து அளந்துவிட்டுப் பிறகு வரையுங்கள். தகட்டின் இரண்டு ஓரங்களில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு பட்டையை ஒட்டிவிட்டால், கதவின் மூலையில் தகடு தானாகப் போய் உட்காரும். திருப்பிப் போட்டால் இடது கதவுக்கான அச்சு வலது கதவுக்கானதாகிவிடும்.

அச்சின் துளைகள் வழியாக டிரில் பிட்டை விடாதீர்கள். எஃகு பிட் அக்ரிலிக்கைத் தின்றுவிடும். சில கதவுகளிலேயே துளை தளர்ந்து, அச்சு பொய் சொல்ல ஆரம்பிக்கும். பொடித்துளையில் கூர் ஆணியை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். பலகையில் குறி விழும். அச்சை எடுத்துவிட்டுக் குறியில் பிட்டை வைத்துத் துளையிடுங்கள். இப்படிப் பயன்படுத்தினால் ஒரு தகடு ஆயுளுக்கும் வரும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மரவேலை செய்ய வந்த ஆசாரி இதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இத எனக்கே குடுத்துடுங்க, நீங்க இன்னொண்ணு வெட்டிக்கலாம்ல" என்றார். கொடுத்தேன். ஒரு கருவிக்கு அதைவிடப் பெரிய நற்சான்று எனக்குத் தெரியாது.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், மேசையின் கூர் மூலைகளை வளைவாக்க ஓர் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். இதற்கு மைக்கா ஓரம் சீவும் ட்ரிம்மர் மெஷினும், நுனியில் பேரிங் வைத்த பிட்டும் வேண்டும். பேரிங் அச்சின் விளிம்பில் உருள, கத்தி பலகையை அதே வளைவில் சீவும். அச்சின் விளிம்பில் ஒரு பிசிறு இருந்தாலும் அது மேசையில் பதியும் என்பதால், லேசரில் வெட்டி வழவழப்பாக வரும் அக்ரிலிக் விளிம்பு இதற்கு மிகப் பொருத்தம். 25 மி.மீ. ஆரம், 50 மி.மீ. ஆரம் என இரண்டு அச்சுகள் ஒரு வீட்டுக்குப் போதும்.

இனி வரைபடம். தவறு நுழையும் வாசல் இதுதான் என்பதால் சற்று நின்று படியுங்கள். லேசருக்குப் புகைப்படம் போதாது. கோடுகளாலான கோப்பு வேண்டும், எஸ்.வி.ஜி. அல்லது டி.எக்ஸ்.எஃப். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளே போதுமானது. ஆனால் ஒரே கோப்பை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வோர் அளவில் திறக்கக்கூடும். இங்க்ஸ்கேப்பே 2017வரை ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று வைத்திருந்தது, 0.92ஆம் பதிப்பில் 96 என்று மாற்றிக்கொண்டது. பழைய கணக்கில் வரைந்த கோப்பைப் புதிய கணக்கில் திறந்தால் 96 மி.மீ. கைப்பிடி இடைவெளி 90 ஆகச் சுருங்கிவிடும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வெட்டிக் கையில் கொடுத்த பிறகுதான் தெரியும். அப்போது காசும் தகடும் போய்விட்டிருக்கும். காப்பு எளிது. ஒவ்வொரு கோப்பிலும் ஓரமாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றை வரைந்து, பக்கத்திலேயே "100 மி.மீ." என்று எழுதிவையுங்கள். கடைக்காரர் கோப்பைத் திறந்ததும் முதலில் அந்தக் கோட்டை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, கதிர் தின்னும் அகலம். லேசர் வெட்டும்போது கோட்டின் இருபுறமும் சிறிது பொருள் ஆவியாகிறது. மெல்லிய தகட்டில் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை. துளை வரைந்ததைவிடப் பெரிதாகவும் துண்டு சிறிதாகவும் வரும். உங்கள் கடையின் எந்திரம் எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்க, 100 மி.மீ. நீளப் பட்டையைப் பத்துச் சம துண்டுகளாக வரைந்து வெட்டச் சொல்லுங்கள். துண்டுகளை நெருக்கி அடுக்கி, வெர்னியரால் மொத்த நீளத்தை அளந்து பாருங்கள். 98.2 வந்தால் குறைந்தது 1.8; பத்தால் வகுத்தால் 0.18. இனி 2 மி.மீ. துளை வேண்டுமென்றால் 1.8 என்று வரைய வேண்டும். பல்லோடு பல் கோக்கும் பெட்டிகளில் இந்த எண் தெரியாவிட்டால் மூட்டு லொடலொடக்கும். பலகையின் கனத்தையும் அளந்துவிடுங்கள். 3 மி.மீ. என்று விற்பது 2.7 ஆக இருப்பதுண்டு. முதல் முறை எதையும் அட்டையில் வெட்டிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு.

மார்கழி நெருங்கும்போது கோல அச்சு பற்றிக் கேட்டு எழுதுகிறவர்கள் அதிகம். வாசல் சிமெண்டுத் தரையில் பெயின்டால் கோலம் போட லேசரில் வெட்டிய பாலியெஸ்டர் தாள் நன்றாக உழைக்கும். சிக்குக் கோலத்தில்தான் சிக்கல். அதன் கோடுகள் எல்லாம் மூடிய வளையங்கள் என்பதால், கோட்டை வெட்டியதும் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு, மூன்று இடங்களில் வெட்டாமல் சிறு பாலம் விட வேண்டும். சந்தையில் விற்கும் தகரக் கோல அச்சில் கோட்டுக்குப் பதில் வரிசையாக ஓட்டைகள் இருப்பதற்கும் இந்தக் காரணம் பொருந்தும். அந்த முறையையே லேசரிலும் பின்பற்றலாம்.

ஓர் எச்சரிக்கை. கோல ஸ்டிக்கருக்கான வினைல், பி.வி.சி. ஷீட், ரெக்ஸின் இவற்றை ஒருபோதும் லேசரில் வெட்டச் சொல்லாதீர்கள். குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது எந்திரத்தை அரிக்கும். அதைவிட முக்கியமாக, அங்கே நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பையனின் நுரையீரலை அரிக்கும். தகடு என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வெட்டவே வேண்டாம்.

வீட்டுக்கே வாங்கும் சிறிய நீல லேசர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றின் அலைநீளம் 450 நானோமீட்டர் அளவு. ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் அந்த நீலக் கதிர் நேராகப் புகுந்து போய்விடும். ஆகவே நான் சொன்ன தகட்டை அதில் வெட்ட முடியாது. சிதறி வரும் ஒளியும் பார்வையைப் பறிக்கக்கூடியது. மூடி இல்லாத எந்திரத்தைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கக் கூடாது, ஓடும்போது பக்கத்தை விட்டு நகரவும் கூடாது.

மீதமிருப்பது ஒரு குறை. ஒற்றைத் தகடு வெட்டக் கடைகள் பலவும் தயங்குகின்றன. நூறு சாவிக்கொத்து என்றால் உடனே வெட்டுவார்கள்; ஒரே ஓர் அச்சு என்றால் "அப்புறம் வாங்க" என்பார்கள். அவர்கள் பிழைப்பு அப்படி. இதற்கு மாற்று, பொதுப் பட்டறைதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிவைத்த ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறை முறை, 2002லேயே புனே அருகிலுள்ள பாபல் கிராமத்தின் விஞ்ஞான ஆசிரமத்துக்கு வந்துவிட்டது. விவசாயக் கருவிகளைச் சீரமைக்கிற இடத்தில் அப்படி ஒரு பட்டறை இயங்க முடியும் என்று அங்கே காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. லேசர் எந்திரம் வைத்திருக்கும் கல்லூரிகள், பாடவேளை முடிந்தபின் மாணவர் மேற்பார்வையில் வாரத்துக்கு ஒரு மாலையாவது அதை ஊர்மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஆசாரிகளும், தையல் செய்யும் பெண்களும், தங்கள் வீட்டு அலமாரியைத் தாங்களே செய்ய நினைக்கிறவர்களும் கோப்பைக் கொண்டுவந்து நியாயமான கட்டணத்துக்கு வெட்டிக்கொள்ளட்டும். உங்கள் ஊர்க் கல்லூரியில் யாரையேனும் தெரிந்தால் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

(தொடரும்)