80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறதா? காரணத்தை நீங்களே நெருங்கலாம்

இந்த எபிசோடில் நம்மோடு பேசியவர், தாம்பரம் பக்கம் டயர், வீல் அலைன்மென்ட் கடை நடத்தும் ஒரு மெக்கானிக். "பேரெல்லாம் வேணாம்மா, விஷயத்தைப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். பேச்சை எழுத்தாக்கும்போது, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.

தொகுப்பாளர்: செகண்ட் ஹேண்ட் கார் வாங்கின நிறைய பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். சிட்டிக்குள்ள கார் அமைதியா போகும். வீக்கெண்ட்ல ஜி.எஸ்.டி. ரோட்டுல ஏறி, பரனூர் டோல் தாண்டி 80, 90 தொட்டதும் ஸ்டியரிங் கையில கிடுகிடுன்னு ஆடும். அண்ணா, இப்படி ஒரு காரோட வர்றவங்க உங்ககிட்ட முதல்ல என்ன சொல்வாங்க?

மெக்கானிக்: "அண்ணே, அலைன்மென்ட் பார்த்துடுங்க"ன்னு சொல்வாங்க. பத்துல எட்டு பேர் அதைத்தான் கேட்பாங்க. ஆனா அலைன்மென்ட்ங்கறது சக்கரம் எந்தக் கோணத்துல நிக்குதுங்கற விஷயம். அது சரியில்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். உதறலுக்கு அது காரணமா இருக்கறது ரொம்ப அபூர்வம். ஒரு வேகத்துக்கு மேல உதறுதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது பேலன்சிங். அதாவது, சக்கரத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் எடை சமமா இருக்கான்னு பார்க்கறது.

தொகுப்பாளர்: 50-ல தெரியாதது 90-ல மட்டும் ஏன் தெரியுது?

மெக்கானிக்: 15 இன்ச் வீல் உள்ள ஒரு சாதாரண காரை எடுத்துக்கோங்க. 100 கி.மீ. வேகத்துல சக்கரம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 தடவை சுத்துது. ரிம் ஓரத்துல ஒரு இடத்துல 30 கிராம் எடை கூடுதலா இருக்குன்னு வெச்சுக்கோங்க. நாலு பத்து ரூபாய் காயின் எடைதான். அந்த வேகத்துல அது சுமார் நாலரை கிலோ எடைக்குச் சமமா சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுத்துக்கும் மேல, கீழ, முன்ன, பின்னன்னு மாறி மாறி. வேகம் பாதியானா இந்த விசை கால்வாசியாயிடும். அதனால 50-ல அது வெறும் ஒரு கிலோ சொச்சம்தான். கைக்குத் தெரியாது.

தொகுப்பாளர்: சிலர் 90-ல ஆடுது, 110-ல நின்னுடுதுன்னு சொல்றாங்களே?

மெக்கானிக்: ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளினா சின்ன தள்ளலுக்கே பெருசா ஆடும் இல்லையா? சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்து அதே மாதிரி ஒரு இயல்பான ஆட்ட வேகம் வெச்சிருக்கும். சக்கரம் சுத்தற வேகம் அதோட ஒத்துப்போகிற இடத்துல உதறல் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டினா குறையும். "வேகமா போனா சரியாயிடுது"ன்னு சிலர் 120-ல அழுத்துவாங்க. உதறல்தான் குறையுது. சக்கரத்தை இழுக்கிற விசை இன்னும் கூடிக்கிட்டேதான் இருக்கு.

மூணு கேள்வி

தொகுப்பாளர்: சரி, கடைக்கு வர்றதுக்கு முன்னாடி வண்டி ஓட்டுறவங்க என்ன கவனிக்கணும்?

மெக்கானிக்: மூணு விஷயம். எந்த வேகத்துல வருது? உடம்புல எங்க தெரியுது? என்ன செஞ்சா மாறுது? இந்த மூணுக்கும் பதிலோட வந்தா எனக்குப் பாதி வேலை முடிஞ்சிடும். வெறுமனே "உதறுது"ன்னு மட்டும் சொன்னா, கடைக்காரர் தனக்குத் தோணினதை ஒவ்வொண்ணா மாத்திப் பார்ப்பார். பில் உங்களுக்கு.

முதல்ல, எங்க தெரியுது. ஸ்டியரிங் ஆடினா பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்து, ஸ்டியரிங் சும்மா இருந்தா பின் சக்கரமா இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, என்ன செஞ்சா மாறுது. ரோடு காலியா இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. கியர் வண்டின்னா ஒரு ரெண்டு நொடி கிளட்சை அழுத்திப் பாருங்க. உதறல் அப்படியே இருந்தா அது சக்கரத்துல இருந்து வருது. உடனே நின்னா இன்ஜின், ஆக்ஸில் பக்கம் தேடணும். பிரேக் போடும்போது மட்டும் வந்தா அது தனிக் கதை. டெஸ்ட் பண்றேன்னு இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. பவர் ஸ்டியரிங் போயிடும், பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும்.

எப்பவும் ஆடுதா? சக்கரத்துல ஆரம்பிங்க

தொகுப்பாளர்: காலை எடுத்தாலும் ஆடுது, பிரேக் போடாமலேயே ஆடுதுன்னா?

மெக்கானிக்: முதல் வேலைக்குக் காசே வேணாம். குழாய்த் தண்ணி போதும். மழைக்காலத்துல சேத்துல போன வண்டிக்கு ரிம்மோட உள்பக்கம் மண்ணு அப்பிக் காஞ்சிருக்கும். வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும். உள்ள ஒரு கைப்பிடி மண்ணு. அதைக் கழுவினதுமே சரியான வண்டிகள் உண்டு.

ரெண்டாவது, ரிம்ல ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன வெயிட். பள்ளத்துல விழுந்தாலோ, வாட்டர் வாஷ் பண்ணும்போதோ அது தெறிச்சுடும். அது இருந்த இடத்துல செவ்வகமா ஒரு அடையாளம் மட்டும் நிக்கும். அதைப் பார்த்தாலே தெரிஞ்சுடும், பேலன்சிங் பண்ணணும்னு. ஒரு சக்கரத்துக்குச் சில நூறு ரூபாய்க்குள்ள முடியற வேலை.

பேலன்சிங் பண்ணும்போது பக்கத்துல நில்லுங்க. வெயிட் ஒட்டினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை சுத்தவிட்டு, ரெண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க. மெஷின்ல சுத்தும்போது ரிம்மோட ஓரத்தையும் கவனிங்க. ஓரம் உள்ள வெளியன்னு ஆடினா ரிம் பெண்ட். டயரோட மேல்பகுதி ஏறி இறங்கினா டயர்ல கோளாறு. இந்த ரெண்டுக்கும் வெயிட் ஒட்டினா மெஷின் பூஜ்யம் காட்டும். ஆனா ரோட்டுல உதறல் போகாது.

தொகுப்பாளர்: "பேலன்சிங் பண்ணியும் போகல"ன்னு வர்ற புகார் இதுதானா?

மெக்கானிக்: அதுல பாதி இதுதான்மா. ஒருத்தர் வந்தார். வேற ஒரு இடத்துல லோயர் ஆர்ம், லிங்க் ராட், டை ராட் எண்ட் எல்லாம் மாத்திட்டார். ஸ்டியரிங் ராக்கும் மாத்தணும்னு சொல்லியிருக்காங்க. நான் முன் சக்கரம் ரெண்டையும் பின்னாடி போட்டு, பின் சக்கரத்தை முன்னாடி போட்டேன். ஸ்டியரிங் அமைதியாயிடுச்சு, சீட் அதிர ஆரம்பிச்சது. அப்போ ராக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. கோளாறு சக்கரத்தோடயே பின்னாடி போயிடுச்சு. கழட்டிப் பார்த்தா ஒரு டயர்ல உள்ள இருக்கிற கம்பி பெல்ட் ரப்பரை விட்டுப் பிரிஞ்சு, மேல லேசா மேடு தட்டியிருந்தது.

இந்த முன்-பின் மாத்தற டெஸ்ட்டுக்கு ஜாக்கியும் வீல் ஸ்பானரும் போதும். நாலு டயரும் ஒரே சைஸா மட்டும் இருக்கணும். வலது வலதாவே, இடது இடதாவே இருக்கட்டும். நிறைய கார்ல ஸ்டெப்னி சின்ன சைஸ், அதை இந்த டெஸ்ட்டுக்குச் சேர்க்காதீங்க.

தொகுப்பாளர்: பழைய கார் வாங்கும்போது "கம்மி கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு"ன்னு சொல்வாங்களே…

மெக்கானிக்: ஓடாத வண்டி டயரும் வயசாகும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னு போட்டிருந்தா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். தடம் ஆழமா இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கலாம். மாசக்கணக்குல ஒரே இடத்துல நின்ன வண்டிக்கு டயர் கீழ தட்டையாகியிருக்கும். லேசான தட்டைன்னா கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் சரியாயிடும். சூடான பிறகும் போகலன்னா அந்த டயர் திரும்ப வட்டமாகாது.

அலாய் வீல் மாத்தினவங்களுக்கு

தொகுப்பாளர்: புது அலாய் வீல் போட்ட அன்னிக்கே உதறல்னு ஒரு கேள்வி வந்திருக்கு.

மெக்கானிக்: வீல் நடுவுல ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அது ஹப்பு மேல கச்சிதமா உட்காரணும். மாருதி ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கார்கள் பலதுல அந்த ஹப் அளவு 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்ல, பல கார்களுக்குப் பொருந்தட்டும்னு ஓட்டையைப் பெருசா வெச்சிருப்பாங்க. நடுவுல விழற இடைவெளிக்கு ஹப் ரிங்னு ஒரு வளையம் போடணும். போடலன்னா சக்கரம் துல்லியமா நடுவுல உட்காராம இம்மி விலகி நிக்கும். மெஷின்ல வேற கூம்பு வெச்சுப் பிடிக்கறதால அங்க எல்லாம் சரியாவே காட்டும். கார்ல மாட்டினா ஆடும். விலை அதிகமில்லாத வளையம்தான். அலாய் வாங்கும்போதே கேட்டு வாங்குங்க.

பிரேக்ல மட்டும் வந்தா, ஆக்சிலரேட்டர்ல மட்டும் வந்தா

மெக்கானிக்: 90-ல இருந்து பிரேக் அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் உதறி, பெடலும் காலுக்கடியில துடிச்சா அது பிரேக் டிஸ்க். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு"ன்னு சொல்வோம். நிஜத்துல பல சமயம் டிஸ்க்கோட தடிமன் சுத்திலும் ஒரே மாதிரி இல்லாம போறதுதான் காரணம். தலைமுடி தடிமனைவிடக் கம்மியான வித்தியாசமே போதும், உதறல் தெரியும். வீல் நட்டை கன்ல தாறுமாறா முறுக்கினாலும் டிஸ்க் கோணலா உட்கார்ந்து, நாளடைவுல இப்படித் தேயும். அதனால நட்டை நட்சத்திர வரிசையில, எதிரெதிரா, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்கச் சொல்லுங்க.

ஆக்சிலரேட்டர் அழுத்தி வேகம் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்னா, ஆக்ஸிலோட உள்பக்க ஜாயிண்ட் தேஞ்சிருக்கலாம். அதை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் சிதறியிருக்கான்னு பாருங்க.

தொகுப்பாளர்: அப்போ லோயர் ஆர்ம், டை ராட் எண்ட் இதெல்லாம்?

மெக்கானிக்: அதெல்லாம் தேஞ்சிருந்தா சக்கரத்துல இருந்து வர்ற சின்ன உதறலைப் பெருசாக்கிக் காட்டும். தானா உதறலை உண்டாக்கறது கம்மி. சக்கரம், டயர் ரெண்டும் சரின்னு உறுதியான பிறகு, வண்டியைத் தூக்கி, சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டிப் பார்ப்போம். இடம் வலமா ஆட்டினா ஆட்டம் தெரியுதுன்னா டை ராட் பக்கம். மேல கீழ பிடிச்சு ஆட்டினா தெரியுதுன்னா வீல் பேரிங் இல்லாட்டி பால் ஜாயிண்ட். ஆட்டம் இல்லாத பாகத்தை "எதுக்கும் மாத்திடலாம்"னு சொன்னா, ஏன்னு கேளுங்க. ஆட்டம் இருந்தா கண்ணால காட்டச் சொல்லுங்க.

உடனே ஓரங்கட்ட வேண்டிய உதறல்

தொகுப்பாளர்: வீக்கெண்ட் முடியட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடக் கூடாத உதறல் எது?

மெக்கானிக்: இதை எல்லாரும் கேட்கணும்மா. பேலன்சிங் உதறல் நாள்கணக்குல ஒரே மாதிரி இருக்கும். அவசரம் இல்லை. ஆனா போகப்போகக் கூடிக்கிட்டே வந்து, 30, 40-லயும் தெரிய ஆரம்பிச்சு, "தப் தப்"னு சத்தமும் சேர்ந்தா அது டயர் பிரியறதோ, வீல் நட் லூஸ் ஆகறதோவா இருக்கலாம். முன்னது ஹைவேயில வெடிக்கும். பின்னதுல சக்கரமே கழண்டு போகும். பஞ்சர் போட்டோ, டயர் மாத்தியோ ஒண்ணு ரெண்டு நாள்ல புதுசா உதறல் வந்தா முதல் சந்தேகம் நட் மேலதான். சக்கரம் கழட்டி மாட்டினா, ஒரு 100 கி.மீ. ஓடினதும் நட்டை இன்னொரு தடவை செக் பண்ணுங்க.

இப்படி உதறல் வந்தா சடன் பிரேக் வேணாம். ஸ்டியரிங்கை ரெண்டு கையால பிடிங்க, காலை எடுங்க, ஹசார்டு லைட் போட்டு மெதுவா ஓரம் போங்க. இறங்கினா வண்டி ஓடற பக்கம் நிக்காதீங்க. டயர் பக்கவாட்டுல கொப்பளம் மாதிரி வீங்கியிருந்தா "மெதுவா போயிடலாம்"னு நினைக்காதீங்க, அங்கயே ஸ்டெப்னி மாத்துங்க. நட் லூஸா இருந்தா முறுக்கினதோட விடாம, போல்ட்டும் ரிம் ஓட்டையும் சேதமாகியிருக்கான்னு பார்க்கணும். சேதமாகியிருந்தா டோவிங் வண்டியைக் கூப்பிடறதுதான் வழி.

கடைக்குப் போகும் முன் போனில் குறிச்சுக்கோங்க

- உதறல் எந்த வேகத்துல ஆரம்பிக்குது, எதுல குறையுது
- ஸ்டியரிங்கிலா, சீட்டிலா, பிரேக் பெடலிலா
- ஆக்சிலரேட்டரை விட்டா, கிளட்ச் அழுத்தினா, பிரேக் போட்டா மாற்றம் உண்டா
- வண்டி சூடான பிறகு கூடுதா, குறையுதா
- சமீபத்துல பஞ்சர், டயர், அலாய், பெரிய பள்ளம் ஏதாவது
- நாலு டயரோட அந்த நாலு இலக்க எண்

தொகுப்பாளர்: இந்த ஆறு வரியைக் காட்டினா கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டாரா அண்ணா?

மெக்கானிக்: வேலை தெரிஞ்சவர் சந்தோஷப்படுவார்மா. கோவிச்சுக்கிட்டார்னா வேற கடைக்குப் போங்க.

தொகுப்பாளர்: கேட்டவங்க, வர்ற சனிக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் நாலு டயரையும் குனிஞ்சு பார்த்துடுங்க.